பரிதாபமாகப் பார்த்தவர், பரிதாபத்தோடு பார்த்தவர்

வாசலில் நின்ற பெரியவர் பரிதாபமாகப் பார்த்தார். வாசலில் நின்ற பெரியவர் பரிதாபத்தோடு பார்த்தார். இரண்டு வாக்கியத்திலும் ஆள் ஒருவரே, செயல் ஒன்றே, உணர்ச்சியின் பெயரும் ஒன்றே. ஆனாலும் முதல் வாக்கியத்தைப் படித்ததும் நாம் அந்தப் பெரியவருக்காக இரங்குகிறோம். சாப்பிட்டாரோ என்னவோ, யார் துரத்திவிட்டார்களோ என்று மனம் போகிறது. இரண்டாவதைப் படித்ததும் அவர் யாரைப் பார்த்து இரங்குகிறார் என்று தேடுகிறோம். ‘ஆக’ இருந்த இடத்தில் ‘ஓடு’ வந்ததும், இரக்கத்துக்கு உரியவர் இரங்குகிறவராகிவிட்டார்.

‘பரிதாபமாகப் பார்த்தார்’ என்பதை இரண்டாம் பொருளிலும் சொல்கிறவர்கள் உண்டு. ‘என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்’ என்றால் எந்தப் பொருள் என்பதை இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘பரிதாபத்தோடு பார்த்தார்’ என்பதோ ஒருநாளும் முதல் பொருளைத் தராது. ஒன்று இரண்டு பக்கமும் போகிறது, மற்றது ஒரு பக்கம் மட்டுமே போகிறது என்றால், இரண்டும் வெவ்வேறு கருவிகள் என்றுதான் கொள்ள வேண்டும்.

அன்பு, கனிவு, பரிவு, இரக்கம், கருணை என்று நல்ல உள்ளத்தைச் சொல்லும் பெயர்கள் தமிழில் ஏராளம். அவற்றை ஒரு செயலுக்கு அடையாக்க வேண்டுமானால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் நாடுகிறோம். அன்பாகப் பேசினாள், அன்போடு பேசினாள். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் ஒரே பொருள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘ஆக’ அந்தச் செயல் எதிரில் இருப்பவருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. ‘ஓடு’ செய்தவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறது. பிறருக்குச் செய்யும் நன்மையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், பெற்றவர் மறைந்துபோய்க் கொடுத்தவர் மட்டும் எழுத்தில் நிற்பார்.

இரண்டின் பிறப்பும் வேறு. ‘ஆக’ என்பது ஆகு என்ற வினையின் எச்சம். பேச்சே அன்பாகிவிட்டது என்பது அதன் உள்பொருள். செயலும் பண்பும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. ‘அன்பாய்’ என்ற வடிவமும் எழுத்தில் உண்டு. பேச்சில் ‘அன்பா’ என்று குறுகிவிட்டது. ‘ஓடு’ என்பதோ வேற்றுமை உருபு. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஒடு’ என்றே பெயர் சூட்டுகிறது. நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு என்று நான்கைச் சொல்கிறது. கண்ணனோடு முருகன் வந்தான் என்றால் அங்கே ஆட்கள் இருவர். அன்போடு பேசினாள் என்றாலும் அங்கே இரண்டு உண்டு: பேச்சு ஒன்று, கூடவே வந்த அன்பு ஒன்று.

தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியலில் இதைப் பற்றி நுட்பமான விதி ஒன்று இருக்கிறது. இருவர் சேர்ந்து ஒரு வினையைச் செய்யும்போது அவருள் உயர்ந்தவரின் பெயரில்தான் ஒடு சேரும் என்கிறது அது. அரசனோடு காவலர் வந்தனர் என்பதே அந்த முறை. இன்று நாம் அதைப் பின்பற்றுவதில்லை. குழந்தையோடு அம்மா வந்தாள் என்று தயங்காமல் எழுதுகிறோம். ஆனால் ‘அன்போடு கொடுத்தார்’ என்று எழுதும்போது அந்தப் பழைய விதியின் வாசம் எனக்கு இன்னும் அடிக்கிறது. அங்கே முன்னால் நடப்பது அன்பு. கொடுத்தது அதன் பின்னால் வருகிறது.

பெயர் பெயராகவே நிற்பதால் ‘ஓடு’வுக்கு ஒரு வசதி. முன்னால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம்: மிகுந்த அன்போடு, தாயின் பரிவோடு, சொல்லத் தெரியாத இரக்கத்தோடு, பழைய சண்டையை மறந்த கனிவோடு. ‘ஆக’ இதற்கு இடம் கொடுக்காது. தாயின் பரிவாகப் பார்த்துக்கொண்டாள் என்று யாரும் சொல்வதில்லை. மிகுந்த அன்பாகப் பேசினாள் என்பதும் காதில் இடறுகிறது. மிக அன்பாக, ரொம்ப அன்பாக என்றால் சரி. அதாவது ‘ஆக’ வந்த பிறகு அன்பின் அளவைச் சொல்லலாம். அது யாருடைய அன்பு, எங்கிருந்து வந்தது, எதையெல்லாம் கடந்து வந்தது என்று சொல்ல முடியாது. கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்த அளவு மட்டுமே மிஞ்சுகிறது.

இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. அன்பாகப் பேசி ஏமாற்றிவிட்டான் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். பரிவாகப் பேசி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டான், கனிவாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான். எதிலும் முரண் இல்லை. இப்போது, பரிவோடு பேசி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டான் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் தடுமாறுவார். பரிவு இருந்ததா? இருந்தால் ஏன் வீட்டைப் பிடுங்கினான்? அந்த வாக்கியம் நிற்க வேண்டுமானால் ‘பரிவோடு பேசுவதுபோலப் பேசி’ என்று ஒரு ‘போல’ வேண்டும். இல்லையென்றால் ‘போலிப் பரிவோடு’ என்று பெயருக்கே ஓர் அடை வேண்டும். ‘ஆக’ நெஞ்சைப் பற்றி எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஆகவே வஞ்சகத்தின் பக்கத்திலும் அது கூசாமல் நிற்கிறது. ‘ஓடு’ உறுதி கொடுக்கிறது.

அந்த உறுதியைக் கொடுக்கும் தகுதி எழுதுகிறவருக்கு இருக்கிறதா? வாழ்க்கை வரலாறோ அஞ்சலிக் கட்டுரையோ எழுதும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. செவிலியர் கனிவாகப் பேசினார் என்பதற்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் சாட்சி சொல்லலாம். கருணையோடு பேசினார் என்பதற்குச் செவிலியரின் நெஞ்சுதான் சாட்சி. நாம் அங்கே போய்ப் பார்த்ததில்லை. பல ஆண்டு கூடப் பழகியவர் எழுதினால் நம்பலாம். ஒரு மணி நேரம் பேட்டி கண்டுவிட்டு வந்தவர் எழுதினால் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

கடிதங்களைப் பாருங்கள். ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று தொடங்கி ‘அன்புடன்’ என்று முடிக்கிறோம். விண்ணப்பத்தின் அடியில் ‘பணிவன்புடன்’ என்று எழுதுவதுண்டு. கல்யாணப் பத்திரிகையில் ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்று அச்சாகிறது. ‘அன்பாக அழைக்கிறோம்’ என்று அடித்துக் கொடுத்தால் மணவீட்டார் பிழை என்று திருப்பித் தந்துவிடுவார்கள். தன் நெஞ்சைத் தானே திறந்து சொல்லும் இடம் அது. உடன், ஓடு ஆகிய துணைச்சொற்களே அங்கே பொருந்தும். அழைப்பு அன்பாக இருந்ததா என்பதை அழைக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும். சொல்கிறார்களே: “வீடு தேடி வந்து, உட்கார்ந்து, எவ்வளவு அன்பாக் கூப்பிட்டாங்க, போகாம இருக்க முடியுமா?” பத்திரிகையில் ‘உடன்’, அதைப் பெற்றவர் வாயில் ‘ஆக’. நான் விளக்க முயல்வதை நம் கல்யாண வீடுகள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் செய்துவருகின்றன.

சில பெயர்களில் இந்த வேறுபாடு பொருளையே இரண்டாகப் பிளந்துவிடுகிறது. பரிதாபத்தைப் பார்த்தோம். ‘உருக்கம்’ இன்னொன்று. உருக்கமாகப் பேசினார் என்றால் உருகியவர்கள் கேட்டவர்கள். மேடையில் நின்றவர் உருகினாரா என்பது அந்த வாக்கியத்தின் கவலையே இல்லை. உருக்கத்தோடு பேசினார் என்றால் உருகியது பேசியவர். ‘ஆறுதல்’ அடுத்தது. துக்க வீட்டில் ஆறுதலாகப் பேசினார் என்றால் ஆறுதல் கிடைத்தது துக்கத்தில் இருப்பவருக்கு. ஆறுதலோடு பேசினார் என்றால், ஏதோ பெரிய பயம் நீங்கி அவரே மூச்சுவிட்டிருக்கிறார். துக்க வீட்டுக்கு அந்த வாக்கியம் ஆகவே ஆகாது. ‘ஆதரவு’ம் இந்தக் கூட்டம்தான். தனித்துவிடப்பட்ட பெண்ணுக்கு ஆதரவாகப் பேசினார். ஊரின் ஆதரவோடு பேசினார். முன்னதில் ஆதரவு அவரிடமிருந்து புறப்படுகிறது, பின்னதில் அவரிடம் வந்து சேர்கிறது.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் இரண்டு முனைகள் உண்டு. ஆறுதலைக் கொடுக்கவும் செய்யலாம், அடையவும் செய்யலாம். ‘ஆக’ சேர்ந்தால் பெறுபவர் முனை எழுந்து நிற்கிறது. ‘ஓடு’ சேர்ந்தால் செய்பவர் முனை. அன்புக்கும் கனிவுக்கும் முனை ஒன்றுதான், செய்பவருடையது. அதனால் அங்கே பிளவு வெளியே தெரிவதில்லை. தெரியாவிட்டாலும் அடியில் இருக்கிறது என்பதை அந்த வீடு எழுதி வாங்கியவன் காட்டிக்கொடுத்துவிட்டான்.

உருக்கம் என்று சொன்னதும் வள்ளலாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பை அணையவிடாமல் இன்றுவரை காத்துவருகிறார்கள். பசியோடு வருகிறவருக்குச் சாதி, மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய உரைநடை நூல் இரக்கத்தை உருக்கத்தின்மேல் கட்டுகிறது: பிற உயிர் படும் துன்பத்தைக் காணும்போது நம் ஆன்மா உருகுகிறது, அந்த உருக்கத்தைக் கொண்டு வாழ்வதே ஒழுக்கம் என்கிறது. இது செய்பவர் நெஞ்சில் இருக்கும் உருக்கம்; நம் கணக்கில் ‘ஓடு’. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. பசி வந்தவனுக்கு உடம்பில் என்னென்ன நேர்கிறது, அறிவு எப்படி மங்குகிறது, உண்டதும் உள்ளும் புறமும் எப்படித் தழைக்கிறது என்று பெறுபவரின் உடம்புக்குள்ளேயே போய் நெடுகப் பேசுகிறார். கொடுப்பவர் நெஞ்சில் தொடங்கி உண்பவர் வயிற்றில் போய் முடிகிற எழுத்து. கருணையைப் பற்றி எழுதியவர்களில் இரு முனைகளையும் இவ்வளவு முழுமையாகத் தொட்டவர் வேறு ஒருவரை எனக்குத் தெரியாது.

நல்லுள்ளத்தைச் சொல்லும் அடைகளை இந்தக் கண்ணால் வரிசைப்படுத்தினால் ஒரு கோடு தெரிகிறது. ஒரு முனையில் இதமாக, பதமாக, பக்குவமாக. இவை ‘ஆக’வை விட்டு நகர்வதே இல்லை; இதத்தோடு ஒத்தடம் கொடுத்தாள் என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். மறுமுனையில் இரக்கத்தோடு, கருணையோடு, மனிதாபிமானத்தோடு. இவை ‘ஓடு’வை விட்டு வருவது அரிது, மனிதாபிமானமாக நடந்துகொண்டார் என்பது நாவில் ஒட்டுவதில்லை. நடுவில் அன்பு, பரிவு, கனிவு, பாசம், வாஞ்சை. இவை இரண்டு பக்கமும் போகும். தொடுகையையும் உடம்பையும் சேர்ந்த சொற்கள் ஒரு கோடியில், மனத்தின் உயர்ந்த நிலைகளைச் சொல்லும் சொற்கள் மறு கோடியில், உறவைச் சொல்லும் சொற்கள் இடையில்.

அன்புக்கும் கருணைக்கும் இடையிலுள்ள தூரம் நம் மரபில் பழையது. திருக்குறளில் அன்புடைமை 8ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. அருளுடைமை 25ஆம் அதிகாரம், துறவறவியலில் இருக்கிறது. தொடர்புடையவரிடம் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரிக்கிறார். 757ஆம் குறள் அருளை அன்பு பெற்ற குழந்தை என்றும், செல்வம் என்ற செவிலி அதை வளர்க்கிறாள் என்றும் சொல்கிறது. அருள் செயலாக வேண்டுமானால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தருகிற இடத்தில் ஒருவர், பெறுகிற இடத்தில் ஒருவர் என்ற உயர வேறுபாடு அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கருணையும் இரக்கமும் கொடுப்பவரின் சொற்களாக ‘ஓடு’வின் பக்கம் ஒதுங்கியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவை மகள் குளிப்பாட்டுகிறாள். இரக்கத்தோடு குளிப்பாட்டினாள் என்று எழுதினால் அம்மாவும் மகளும் அந்நியராகிவிடுகிறார்கள். மகள் மேலே போய்விடுகிறாள், அம்மா கீழே வந்துவிடுகிறாள். பதமாகக் குளிப்பாட்டினாள் என்று எழுதிப் பாருங்கள். வெந்நீரில் விரல் விட்டுச் சூடு பார்த்தது, முதுகுப் புண்ணில் துணி உரசாமல் ஒற்றியது, கழுத்து தொங்காமல் ஒரு கையால் தாங்கியது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அம்மாவுக்கு அது எப்படி இருந்தது என்பதும் இருக்கிறது. மகளின் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தேவையும் இல்லை.

இதனால் ‘ஓடு’வை நான் குறைத்து மதிக்கிறேன் என்று ஆகாது. அதனால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்று உண்டு. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததை எடுத்துக்கொள்வோம். அகவிய மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான். மெல்லப் போர்த்தினான், பதமாகப் போர்த்தினான் என்றெல்லாம் சொன்னால் கை எப்படி அசைந்தது என்று தெரியும், ஏன் அசைந்தது என்று தெரியாது. இரக்கத்தோடு போர்த்தினான் என்றதும் காரணமும் வந்துவிடுகிறது. மூன்றாம் வேற்றுமையில் ‘ஓடு’வுக்குப் பக்கத்திலேயே ‘ஆல்’ இருக்கிறதல்லவா? இரக்கத்தோடு கொடுத்தான் என்பதிலிருந்து இரக்கத்தால் கொடுத்தான் என்பதற்கு ஓரடி தூரம்தான். மயிலுக்குப் போர்வை எதற்கு? பெறுபவர் முனையில் நின்று கேட்டால் அந்தக் கொடைக்குப் பொருளே இல்லை. கொடுத்தவன் நெஞ்சில் நின்று பார்த்தால்தான் நூற்றாண்டுகளாக அதை ஏன் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம் என்று விளங்கும். அந்த இடம் முழுக்க முழுக்க ‘ஓடு’வுக்கு உரியது.

அலுவலகத் தமிழுக்கு வந்தால் இந்த இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. மனு எழுதுகிறவர் ‘தாங்கள் பரிவுடன் பரிசீலித்து’ என்று எழுதுகிறார். பரிவாகப் பரிசீலித்து என்று எழுதுவதில்லை. மரண தண்டனை பெற்றவர் அரசியலமைப்பின் 72ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவருக்கும் 161ஆம் பிரிவின்படி ஆளுநருக்கும் அனுப்புவது கருணை மனு. பணியில் இருக்கும்போதே இறந்துபோன அரசு ஊழியரின் வாரிசுக்குக் கிடைப்பது கருணை அடிப்படையிலான பணி நியமனம். கருணை இங்கெல்லாம் மேலிருந்து கீழே வருகிறது. கீழே நிற்பவர் மேலே இருப்பவரின் நெஞ்சைத் தட்டிக் கேட்கிறார். மறுபுறம், பொதுமக்களிடம் கனிவாகப் பேசுங்கள் என்று அலுவலர்களுக்குச் சொல்லும்போது ‘ஆக’ வருகிறது. ‘கனிவோடு’ என்றும் எழுதுகிறார்கள்தான். ஆனால் நெஞ்சுக்கு யார் உத்தரவு போட முடியும்? கனிவாகப் பேசச் சொல்லலாம், பேசினார்களா என்று பார்க்கலாம், பேசவில்லை என்றால் ஏன் என்று கேட்கலாம். கருணையோடு இரு என்று சொல்லிவிட்டு எதைச் சரிபார்ப்பது?

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி வரும் செய்திகளில் இது என்னை மிகவும் உறுத்துகிறது. ஊனமுற்றோர் என்ற சொல்லைத் தமிழ்நாடு அரசு 2010இல் கைவிட்டு மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லைக் கொண்டுவந்தது. 2016இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே உரிமைகள் என்ற சொல் இருக்கிறது. பெயர் மாறிவிட்டது, அடை மாறவில்லை. சக்கர நாற்காலிக்காரருக்குச் சாய்தளம் அமைத்துக் கொடுத்ததைக் ‘கருணையோடு அமைத்துத் தந்தார்’ என்று இன்றும் எழுதுகிறோம். அந்தச் சாய்தளம் வழுக்காமல் இருக்கிறதா, துணையில்லாமல் ஒருவர் ஏறக்கூடிய சரிவில் இருக்கிறதா, மேலே கதவு அகலமாகத் திறக்கிறதா என்று ஒரு வரி இருக்காது. வசதியாக அமைத்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டுமானால் இதையெல்லாம் போய்ப் பார்த்தாக வேண்டும். கருணையோடு அமைத்தார்கள் என்று எழுத எதையும் பார்க்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டிலேயே தரும் பணிவிடையை ஆதரவுச் சிகிச்சை என்கிறார்கள். கருணைச் சிகிச்சை என்று வைக்காமல் ஆதரவு என்று வைத்தது எனக்கு நிறைவாக இருக்கிறது. படுக்கையில் இருப்பவர் பற்றிக்கொள்வதற்கான சொல் அது.

வெள்ளம், புயல் என்று வந்தால் பத்திரிகைகளில் ‘ஓடு’ பெருகும். மனிதநேயத்தோடு வழங்கினார்கள், கருணை உள்ளத்தோடு முன்வந்தார்கள். வந்தவர்கள் நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தார்களா, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்களா, புகைப்படத்துக்கு நிமிரச் சொன்னார்களா, பிள்ளைக்குப் பால் தனியாகக் கேட்டபோது முகம் சுளித்தார்களா என்பதெல்லாம் ‘ஆக’வின் உலகம். மரியாதையாகக் கொடுத்தார்கள் என்ற ஒரு சொல் அந்தச் செய்தியில் இருந்தால், அது வாங்கியவரைக் கேட்டு எழுதிய செய்தி என்று நான் நம்புவேன்.

என் பிரிவினை எல்லா இடத்திலும் பிசிறில்லாமல் பொருந்துகிறது என்று சொல்ல வரவில்லை. ‘புன்னகையோடு’ முகத்தில் தெரிவதுதானே, நெஞ்சுக்குள் இருப்பதல்லவே. ‘ஈவிரக்கம்’ இன்னும் விசித்திரம். ஈவிரக்கமின்றி, ஈவிரக்கமில்லாமல் என்று எதிர்மறையில் அன்றாடம் படிக்கிறோம். ஈவிரக்கத்தோடு நடந்தார் என்று எழுதியவரை நான் கண்டதில்லை. இல்லாதபோது மட்டும் வாய் திறக்கும் சொல். கொடுமையைச் சொல்லும் அடைகளோ பெரும்பாலும் ‘ஆக’வில் வருகின்றன: கொடூரமாக, மூர்க்கமாக, குரூரமாக. அடி வாங்கியவர் பக்கமிருந்து சொல்வதாலா, அடித்தவர் நெஞ்சுக்குள் போக நமக்கு விருப்பமில்லாததாலா என்று யோசித்திருக்கிறேன். பின்னதாகவே இருக்கும் என்று படுகிறது.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பதற்குத் தமிழ் தடை சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘கனிவாகவும் உண்மையான அக்கறையோடும் பேசினார்’ என்பதில் எதையும் மிகை என்று நீக்க முடியாது. ஒன்று கேட்டவர் காதுக்கு, மற்றது பேசியவர் உள்ளத்துக்கு. இனியவை கூறல் அதிகாரத்தில் 93ஆம் குறள் முகத்தின் இனிமையையும் அகத்திலிருந்து வரும் சொல்லின் இனிமையையும் சேர்த்தே அறம் என்கிறது. முகம் மட்டும் இருந்தால் வீடு எழுதி வாங்கியவனும் தேறிவிடுவான். அகம் மட்டும் இருந்தால், உள்ளே அன்பை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள எல்லோரிடமும் எரிந்துவிழும் அப்பாக்கள் தேறிவிடுவார்கள். அவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் அன்போடு வளர்த்தார்கள், அன்பாக வளர்க்கவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிற மொழியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மனத்தாங்கலை விளக்க வேறு எதுவும் தேவைப்படாது.

கடைசியாக, ‘ஆக’ பக்கத்துச் சொற்கள் சில தேய்ந்துபோய் வேகத்தைக் குறிக்கும் சொற்களாகிவிட்டதைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் “ஆறுதலாச் சாப்பிடுங்கோ” என்றால் துக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவசரப்படாமல் சாப்பிடுங்கள் என்று பொருள். தமிழ்நாட்டில் ‘பொறுமையாக’ அந்த வேலையைச் செய்கிறது. வயதானவர் பேருந்திலிருந்து இறங்கும்போது நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு “பொறுமையா இறங்குங்க பெரியவரே” என்கிறார். பொறுமை காக்கப்போவது அவரும் ஓட்டுநரும் பின்னால் நிற்பவர்களும்தான். பெரியவருக்குக் கிடைப்பது அவகாசம். அதே இடத்தில் “பொறுமையோட இறங்குங்க” என்று சொல்லியிருந்தால், உமக்குப் பொறுமை போதாது என்று கண்டித்ததாகப் பெரியவர் எடுத்துக்கொண்டிருப்பார்.